கம்பம் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே சைக்கிளில் மூன்று நாள்

கார்த்திகை மாதம் ஒரு ராத்திரி, ஏத்தன் வாழைக்கு முட்டுக் கொடுத்துவிட்டு வந்து கை கால் கழுவிக்கொண்டிருந்தபோது அண்ணன் மகன் போன் செய்தான். "சித்தப்பா, ரெண்டு மாசமா நான் போயிட்டிருக்கிறது ஜூஸ் கம்பெனி இல்ல. ஒயின் கம்பெனி. இப்ப வேலைய நிரந்தரம் ஆக்குறோம்னு சொல்றாவ. அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும்" என்றான்.

எனக்கு என்ன பதில் சொல்வது என்றே தெரியவில்லை. முட்டம் கலங்கரை விளக்கத்தின் வெளிச்சம் எட்டுகிற தூரத்தில்தான் எங்கள் வீடு. தென்னை 70 சென்ட், வாழை 60 சென்ட். பேச்சிப்பாறைத் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற கடைவரம்பு நிலம். அப்பா பனையேறி. அண்ணன் 44 வயதில் ஈரல் கெட்டுச் செத்துப்போனான். குடிதான். அப்போது பையன் ஏழாம் வகுப்பு. மைனி அண்டி ஆபீசில் கை விரல் எல்லாம் கறுத்துப்போக அண்டிப்பருப்பு உடைத்து அவனை உணவுத் தொழில்நுட்பம் படிக்க வைத்தார். அந்தப் பையன்தான் இப்போது சாராயம் காய்ச்சுகிற இடத்துக்கு வேலைக்குப் போகிறேன் என்கிறான். அப்படித்தான் என் காதில் விழுந்தது.

"நேர்ல வந்து பாக்காம நான் வாய் திறக்க மாட்டேன் மக்கா" என்றேன். "வாங்க சித்தப்பா, சைக்கிள்லயே எல்லாத்தையும் சுத்திப் பாத்துரலாம்" என்றான். எனக்குச் சர்க்கரை இருக்கிறது. டாக்டர் சொன்னதில் இருந்து தினமும் வாய்க்கால் கரை வழியாகச் சைக்கிளில்தான் தோட்டத்துக்குப் போய் வருகிறேன். அதை மனதில் வைத்துச் சொல்லியிருக்கிறான்.

பொங்கல் முடிந்த மறுநாள் நாகர்கோவிலில் பஸ் ஏறி, மதுரையில் மாறி, கம்பம் போய் இறங்கினேன். அவன் இரண்டு சைக்கிள் வைத்திருந்தான். ஒன்று அவனுடையது, பழசாக வாங்கியது. இன்னொன்று கூட வேலை பார்க்கும் பையனிடம் இரவல். பந்தய சைக்கிள் மாதிரி வளைந்த ஹேண்டில்; ஆனால் டயர் இரண்டு விரல் அகலத்துக்கு மேல், பட்டன் பட்டனாகப் பிடிப்பு வைத்தது. கிராவல் பைக் என்கிறார்கள். தார் ரோட்டிலும் போகும், சரளை மண்ணிலும் போகும். அவன் காற்றைப் பிடுங்கிவிட்டதைப் பார்த்து நான் சத்தம் போட்டேன். "சித்தப்பா, கார் டயர் அளவுக்குக் காத்து இருந்தாப் போதும். கல்லா அடிச்சு வச்சா சல்லி மேல துள்ளும், கை போயிரும்" என்றான். ஒரு கிலோமீட்டர் ஓட்டியதும் அவன் சொன்னது சரி என்று தெரிந்தது. ஊருக்கு வந்து என் பழைய சைக்கிளிலும் கொஞ்சம் காற்றைக் குறைத்துப் பார்த்தேன். குழாயில் அடி வாங்கிப் பஞ்சர் ஆனதுதான் மிச்சம். அந்த வேலை அகல டயருக்கு மட்டும்தான் சரிப்படும்.

முதல் நாள் காலை லோயர் கேம்ப் வரை ஒரு சின்ன வண்டியில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு போய், அங்கிருந்து கீழே இறங்குவது என்று ஏற்பாடு. லோயர் கேம்ப்பில் பென்னிகுக் மணிமண்டபம் இருக்கிறது. அவர் பிறந்தது ஜனவரி 15. அந்தப் பள்ளத்தாக்கில் அவருக்குப் பொங்கல் வைத்துக் கொண்டாடுகிறார்கள். சிலைக்குப் போட்ட மாலைகள் இன்னும் வாடாமல் கிடந்தன. 1895-இல் முல்லைப் பெரியாறு அணை முடிந்து, மேற்கே போன தண்ணீரை மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். நம் பக்கம் பேச்சிப்பாறை அணையைக் கட்டிய மிஞ்சினை மூக்கன் துரை என்று கிழவர்கள் சொல்வார்கள். அவருக்கு நாம் ஒரு பானைப் பொங்கலாவது வைத்திருக்கிறோமா என்று யோசித்துக்கொண்டே சைக்கிளில் ஏறினேன்.

மெயின் ரோட்டில் சபரிமலைக்குப் போய்த் திரும்புகிற வண்டிகள் ஓய்ந்தபாடில்லை. அதனால் நாங்கள் பதினெட்டாம் கால்வாய்க் கரையைப் பிடித்தோம். பெரியாற்றுத் தண்ணீரை மலையடிவாரத்தை ஒட்டியே கொண்டுபோய், உத்தமபாளையம், போடி வட்டங்களில் உள்ள கண்மாய்களுக்கும் 4,600 ஏக்கருக்கும் கொடுக்கிற கால்வாய் அது. கரைமேல் ஜீப் போகிற அகலத்தில் சரளைப் பாதை. இடது கைப் பக்கம் கேரளத்து மலை சுவர் மாதிரி நிற்கிறது. வலது கைப் பக்கம் பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சைக் கூரை. முதலில் எனக்கு அது என்ன என்றே புரியவில்லை. வெற்றிலைக் கொடிக்கால் என்று நினைத்தேன். பிறகுதான் பந்தல் என்று தெரிந்தது. ஆள் உயரத்துக்குக் கல்தூண், அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி, கம்பிமேல் திராட்சைக் கொடி. கீழே குனிந்து பார்த்தால் நிழலில் கறுப்புக் கொத்துகள்.

வாய்க்கால் கரையில் சைக்கிள் ஓட்டுவதில் ஒரு சௌகரியம் உண்டு. பஸ்ஸில் போனால் தோட்டம் தோட்டமாகத்தான் தெரியும். சைக்கிளில் போனால் எந்தத் தோட்டக்காரன் கடன்பட்டிருக்கிறான் என்பதுகூடத் தெரியும். ஒரு பந்தலில் கம்பி துருப்பிடித்துத் தொங்கியது. பக்கத்துப் பந்தலில் புதுக் கல்தூண். அதற்கடுத்ததில் கொடியை வெட்டிவிட்டு வாழை வைத்திருந்தார்கள். வாழைக்காரனான எனக்கு அங்கே சைக்கிளை நிறுத்தாமல் இருக்க முடியவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். இந்த மாதிரி கால்வாய்க் கரைகள் நீர்வளத்துறையின் பாதைகள். மதகுக்காரர் யாராவது நின்றால் இறங்கி ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவதுதான் மரியாதை. தண்ணீர் முழுசாக ஓடுகிற காலத்தில் கரை ஈரமாக வழுக்கும். அப்போது போக வேண்டாம். தோட்டத்துக்குள் யாரையும் கேட்காமல் நுழைந்து ஒரு பழம்கூடப் பறிக்கக் கூடாது. திருட்டு என்பதற்காக மட்டும் இல்லை. முந்தின நாள்தான் மருந்து அடித்திருப்பார்கள்.

கூடலூர் தாண்டி, கம்பத்தைக் குறுக்கே கடந்து, கிழக்கே காமயகவுண்டன்பட்டி வழியாகச் சுருளிப்பட்டி போனோம். அங்கே ஒரு தோட்டத்தில் பழம் வெட்டிக்கொண்டிருந்தார்கள். ஒன்றரை ஏக்கர்க்காரர், என் வயதுதான் இருக்கும். கன்னியாகுமரியில் இருந்து சைக்கிள் ஓட்ட வந்தேன் என்றதும் சிரித்துவிட்டார். "வாங்கண்ணே, முதல்ல தண்ணியக் குடிங்க" என்று பந்தலுக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தார். ஒரு கொத்தைக் கழுவிக் கையில் கொடுத்தார். தோல் மெல்லிசு. விதை உண்டு. வாயில் போட்டதும் ரோஜாப்பூ மாதிரி ஒரு வாசனை. அதனால்தான் பன்னீர்த் திராட்சை. வெளிநாட்டில் இதை மஸ்கட் ஹாம்பர்க் என்கிறார்கள். 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இந்தப் பக்கம் கொண்டுவந்தார் என்று சொல்கிறார்கள். 2023-இல் கம்பம் பன்னீர்த் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

"குறியீடு கெடச்சுச்சு. வெல கெடைக்கலயே" என்றார் அவர்.

கணக்கு கேட்டேன். கவாத்துப் பண்ணினால் நாலு மாதத்தில் பழம். இரண்டு வருஷத்தில் ஐந்து வெட்டு எடுக்கலாம். ஒரே ஊரில் ஆளாளுக்கு வேறு வேறு மாதம் கவாத்துப் பண்ணுவதால், வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் இருந்துகொண்டே இருக்கிறது. இது நமக்கெல்லாம் பொறாமையாகத்தான் இருக்கும். ஆனால் செலவும் அதே மாதிரி ஓய்வே இல்லாமல் ஓடுகிறது. பனி விழுந்தால் அடிச்சாம்பல், வெயில் அடித்தால் மேல்சாம்பல், துளிர் வந்தால் வண்டு. பழுக்கிற நேரத்தில் மழை பெய்தால் பழம் வெடித்துவிடும். அதைவிடப் பெரிய தொல்லை, தோல் மெல்லிசாக இருப்பதால் வெட்டின பழம் இரண்டு மூன்று நாளுக்குமேல் தாங்காது. காய விட்டு விலைக்குக் காத்திருக்க முடியாது. வியாபாரி சொன்னதுதான் விலை. 2020-இல் ஊரடங்கு போட்டபோது வண்டி வராமல் பந்தலிலேயே பழம் அழுகி உதிர்ந்ததைச் சொன்னார். சொல்லும்போது பந்தலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், என்னைப் பார்க்கவில்லை.

பையன் என்ன வேலை பார்க்கிறான் என்று கேட்டார். சொன்னேன். "நல்லதுண்ணே. எங்க பழத்த அவுகளும் கொஞ்சம் எடுக்குறாக. இன்னும் நாலு ஆலை வந்துச்சுன்னா வியாபாரிகிட்ட கெஞ்ச வேண்டாம்" என்றார்.

எனக்குள் இருந்தது வெளியே வந்துவிட்டது. "என் அண்ணன் குடிச்சுத்தாங்க செத்தான்" என்றேன்.

அவர் பேசவில்லை. பெட்டியில் பழம் அடுக்கிக்கொண்டிருந்த அம்மாதான் திரும்பினார். "எங்க வீட்டுக்காரரும் குடிக்கிறாருதான் அண்ணே. அவருக்கு இந்த ஒயின் எதுக்கு? அந்த வெலைக்கு அவரு கடைச்சரக்குல நாலு நாளு கெடப்பாரு. இது பணக்காரன் குடிக்கிறது. எனக்கு இதுல கூலி கெடைக்கும், அவ்வளவுதேன்." சொல்லிவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார். இந்த விஷயத்தில் அரசியல்வாதிகள் மேடையில் பேசி நிறையக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

தோட்டக்காரர் அப்புறம் கேட்டார்: "ஒங்க ஊர்ல பனை இருக்குல்லண்ணே? அதுல எறக்குறத விக்க விடுறாங்களா?"

"அக்கானி விக்கலாம். கள்ளு விக்க முடியாது. 1987-லயே தடை."

"ரெண்டும் ஒரே மரந்தானே?"

ஒரே மரம்தான். ஒரே பாளைதான். அப்பா கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவிக் கட்டினால் அக்கானி. தடவாமல் கட்டினால் விடிவதற்குள் நுரைத்துக் கள்ளு. சின்ன வயதில் கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவுகிற வேலை எனக்கும் அண்ணனுக்கும்தான். அண்ணன் ஒரு கலயத்தை வேண்டுமென்றே விட்டுவிடுவான். அப்பாவுக்குத் தெரியும். சிரித்துக்கொண்டு விட்டுவிடுவார். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்தப் பந்தலுக்குள் உட்கார்ந்து பையனிடம் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு சைக்கிள் செயினைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

மறுநாள் வடக்கே திரும்பினோம். அனுமந்தன்பட்டியில் ஒரு டீ. முட்டத்துக்காரனுக்குத் தெருவில் நடக்கும்போதே ஊர் பழகின மாதிரி இருந்தது. கிறிஸ்தவக் கோயில், கோயிலைச் சுற்றி வீடுகள், வெள்ளைச் சேலையில் பூசைக்குப் போய் வருகிற கிழவிகள். பூசையில் கிண்ணத்தில் ஊற்றுவதும் திராட்சை ரசம்தானே என்று பையன் மெல்ல ஆரம்பித்தான். "அந்தப் பேச்ச மைனிகிட்ட எடுக்காதே, துடைப்பத்த எடுப்பா" என்று அடக்கி வைத்தேன்.

அந்த டீக்கடையில்தான் அவன் இத்தாலிக் கதையைச் சொன்னான். டஸ்கனி என்று ஒரு பகுதி, அதுவும் இதே மாதிரி மேடு பள்ளமான திராட்சை மலை. தோட்டங்களுக்கு நடுவே வெள்ளைச் சரளைப் பாதைகள். அதற்கெல்லாம் தார் போட்டுவிடுவார்களோ என்று பயந்து, 1997-இல் கையோலே என்ற ஊரில் பழைய சைக்கிள்களில் ஒரு சவாரி தொடங்கினார்கள். இப்போது அதற்காகவே உலகம் முழுவதிலும் இருந்து ஆள் வருகிறது. வருகிறவன் அந்த ஊரில் தங்குகிறான், சாப்பிடுகிறான், தோட்டக்காரனிடமே பாட்டில் வாங்கிப் போகிறான். "இங்கயும் அப்படி ஆகும் சித்தப்பா. மலை இருக்கு, கரைப் பாதை இருக்கு, பழசான ஊர் இருக்கு" என்றான்.

எனக்கு முழு நம்பிக்கை வரவில்லை. நம் ஊரில் சுற்றுலா என்று ஆரம்பித்தால் கரை முழுக்கப் பிளாஸ்டிக் பாட்டில்தான் முதலில் வரும். முட்டம் கடற்கரையில் சினிமா எடுத்த நாளில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறோமே. ஆனால் பழசான ஊர் என்று அவன் சொன்னதை மறுக்க முடியாது. உத்தமபாளையத்தில் ஊரை ஒட்டி ஒரு பெரிய பாறை. அதில் ஆயிரம் வருஷத்துக்கு முந்தின சமணத் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கியிருக்கின்றன. கீழே வட்டெழுத்து. நம் சிதறால் மலையைப் பார்த்தவர்களுக்கு அந்த முகங்கள் தெரிந்த முகங்கள். சிதறாலுக்கு ஏற வேண்டும், மூச்சு வாங்கும். இங்கே சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு நேராகப் போய்ப் பார்க்கலாம். ஒரு ஆட்டுக்குட்டி பாறை நிழலில் படுத்திருந்தது.

அங்கிருந்து ராயப்பன்பட்டிப் பக்கம் போனால் பாதை ஏற்றம். செம்மண்ணும் சல்லியும் கலந்து சக்கரம் சறுக்குகிறது. இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினேன். பையன் திரும்பி வந்து கூடவே தள்ளினான். கிழக்கே மேகமலை முழுசாகத் தெரிந்தது. ஆனைமலையன்பட்டியில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நாங்கள் போனது ஞாயிற்றுக்கிழமை, பூட்டியிருந்தது. உள்ளே போய்க் கேட்கக் கேள்விகள் எழுதி வைத்திருந்தேன், வீணாகிவிட்டது.

இந்த இதழின் கேள்வி பதில் பக்கத்தில், கன்னியாகுமரி மாவட்டத்தில் திராட்சை வருமா என்று யாராவது கேட்பதைப் பார்க்கலாம். நானும் கேட்க நினைத்தவன்தான். வழியில் மூன்று தோட்டக்காரர்களிடம் கேட்டேன். மூன்று பேரும் முதலில் மழையைத்தான் கேட்டார்கள். தென்மேற்கும் உண்டு, வடகிழக்கும் உண்டு என்றேன். "அப்ப பழத்தப் பாக்கவே மாட்டீக" என்றார் ஒருவர். கம்பம் பள்ளத்தாக்கு மலைக்கு மறைவில் இருக்கிறது. தண்ணீர் வாய்க்காலில் வருகிறது, வானத்தில் இருந்து கொஞ்சமாகத்தான் விழுகிறது. நமக்கோ காற்றிலேயே ஈரமும் உப்பும். வீட்டு முற்றத்தில் நிழலுக்கு ஒரு கொடி ஏற்றுங்கள், ஆசைக்கு நாலு கொத்து கிடைக்கும். கடன் வாங்கிக் கல்தூண் நட வேண்டாம்.

சாயங்காலம் சின்னமனூர். இந்த ஊரில் கிடைத்த பாண்டியர் செப்பேடுகளில்தான் மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியதும் மதுரையில் சங்கம் வைத்ததும் சொல்லப்பட்டிருக்கின்றன. பள்ளிக்கூடத்தில் படித்த பெயர். பூலாநந்தீசுவரர் கோயில் வாசலில் உட்கார்ந்து மைனிக்குப் போன் போட்டேன். இரண்டு நாளாக ஒத்திகை பார்த்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. நேராகச் சொல்லிவிட்டேன். ஜூஸ் கம்பெனி இல்லை, ஒயின் கம்பெனி. சம்பளம் இவ்வளவு. இடம் சுத்தம் என்கிறான். இங்கே உள்ள விவசாயிகளுக்கு அதனால் உபகாரம்தான்.

நீண்ட நேரம் சத்தமே இல்லை. பிறகு மைனி கேட்டது ஒன்றே ஒன்று.

"அவன் அதக் குடிச்சுப் பாக்கணுமா?"

பையனிடம் கேட்டுச் சொன்னேன். "வாயில வச்சு ருசி பாக்கணுமாம் மைனி. ஆனா முழுங்க மாட்டாவளாம். துப்பிருவாவளாம்."

"துப்புனத நீ பாத்தியா?"

பார்த்தேன் என்று சொல்லியிருக்கலாம். அண்ணன் விஷயத்தில் அப்படி எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன். "இன்னைக்கு அவன் ரெண்டு மணிக்குத்தான் சாப்ட்டான்", "அவன் கைல காசே இல்ல". "பாக்கல மைனி" என்றேன்.

"அப்ப பாத்துட்டு வா" என்று வைத்துவிட்டார்.

அன்று ராத்திரி பஸ் ஏற வேண்டியவன், பையன் அறையிலேயே தங்கினேன். மறுநாள் விடிகாலையில் இருவரும் ஆலைக்குச் சைக்கிள் மிதித்தோம். வண்டிப்பாதை, இரண்டு பக்கமும் பந்தல், பனி. அவன் மேலதிகாரியிடம் கேட்டு என்னை உள்ளே அழைத்துப் போனான். பெரிய எஃகுத் தொட்டிகள், வெளிப்புறம் வியர்த்துக் குளிர்ந்து நின்றன. உள்ளே நடப்பது அப்பாவின் கலயத்தில் நடப்பதுதான். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக மாற்றுகிறது. ஒரு பாட்டிலுக்கு ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாகப் பழம் வேண்டும் என்றான். ஆனால் இங்கே ஒவ்வொரு தொட்டிக்கும் ஒரு அட்டை, அதில் நாளும் மணியும் சூடும் எழுதியிருந்தது. அவன் கையெழுத்து. சின்ன வயதில் நான் பிடித்து எழுதப் பழக்கின கையெழுத்து.

தொட்டியின் குழாயைத் திறந்து கண்ணாடி டம்ளரில் இரண்டு விரல்கடை பிடித்தான். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான். சுழற்றி மோந்தான். வாயில் வைத்துக் கன்னத்தை அப்படியும் இப்படியும் ஆட்டினான். பிறகு சுவரோரம் இருந்த தொட்டியில் துப்பினான். தண்ணீரால் வாயைக் கொப்பளித்துவிட்டு, அட்டையில் ஏதோ எழுதினான். அடுத்த தொட்டிக்குப் போனான். அங்கேயும் துப்பினான். நாலு தொட்டி வரை நின்று பார்த்தேன்.

வெளியே வந்து கேட்டுப் பக்கத்தில் நின்று போன் செய்தேன்.

"பாத்தேன் மைனி. நாலு தடவ."

"முழுங்கலயே?"

"முழுங்கல."

"சரி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஒனக்க வாழைக்கு நேத்துத் தண்ணி வந்துச்சு. திருப்பிவிட ஆளில்ல, நான்தான் போயித் திருப்பினேன். வெரசா வா" என்றார்.